நூறு கோடியில் எழுபது

நூறு கோடி காற்று மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால் அவற்றில் ஓசோன் மூலக்கூறுகள் எழுபதைத் தாண்டக் கூடாது. எட்டு மணி நேரச் சராசரிக்கு அமெரிக்கா 2015-இல் வகுத்த வரம்பு இது. லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெருநகரம் இதை மீறுகிறது என்றால் யாரும் வியக்கப் போவதில்லை. ஆனால் அந்த நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி, பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் நிறைந்த ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவிலும் கோடையில் பல நாள்கள் இந்த வரம்பு மீறப்படுகிறது. அங்கே ஆலை இல்லை, அனல்மின் நிலையம் இல்லை, சுற்றுலா வருவோரின் கார்களை விட்டால் வாகனங்களும் இல்லை. ஆனாலும் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஓசோன் மிகுந்தவை எவை என்று வரிசைப்படுத்தினால் அது முன்வரிசையில் நிற்கிறது.

வானம் நீலமாகத்தான் இருக்கும். ஓசோன் அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. பூங்காவின் மேற்கு ஓரத்தில், சுமார் 4,000 அடி உயரத்திலுள்ள பிளாக் ராக் என்ற இடத்தில், குளிர்சாதனம் பொருத்திய ஒரு சிறு அறைக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் சொல்லித்தான் நமக்கு இது தெரிகிறது. மக்கள் குடியிருக்காத ஒரு பாலையில் எதற்கு இந்தச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. மக்கள் இல்லாத இடத்தில்தான் இந்த அளவீடு மிகவும் தேவை என்பது என் துணிபு. நகரத்துக் காற்று கெட்டால் இருமும் குழந்தைகளும் நிரம்பும் மருத்துவமனைகளும் சாட்சி சொல்லும். பாலைக்குச் சாட்சி சொல்ல இந்தக் கருவிகளை விட்டால் வேறு ஆளில்லை.

பூங்காவின் பரப்பு சுமார் 3,200 சதுர கிலோமீட்டர். உயரமான, சற்றே குளிர்ந்த மொஹாவி பாலையும் தாழ்ந்த, கொதிக்கும் கொலராடோ பாலையும் இங்கே சந்திக்கின்றன. மொஹாவி பகுதியில் வளரும் யூக்கா இனத்து ஜோஷுவா மரம்தான் பூங்காவுக்குப் பெயர் தந்தது. நகரத்துத் தோட்டங்களை அலங்கரிக்கப் பாலைச் செடிகள் வண்டி வண்டியாகப் பெயர்த்துச் செல்லப்படுவதைக் கண்டு பொறுக்காமல் மினர்வா ஹொய்ட் என்ற பெண்மணி நடத்திய இயக்கத்தின் பயனாக, 1936-இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இந்நிலத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1994-இல் அது தேசியப் பூங்கா ஆனது. செடியைப் பெயர்ப்பவரை வாசலில் நிறுத்திப் பிடிக்கலாம். காற்று வாசல் வழியாக வருவதில்லை.

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வெளிவருவதில்லை. அது வழியில் பிறக்கிறது. இதை முதலில் விளக்கியவர் ஆரி ஹாகன்-ஸ்மித். கால்டெக் கல்வி நிறுவனத்தில் அன்னாசிப்பழ மணத்தின் வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த இந்த டச்சு உயிர்வேதியியலர், பழத்தின் மணத்தைப் பிடிக்கப் பயன்படுத்திய அதே உறையவைக்கும் முறையால் லாஸ் ஏஞ்சல்ஸ் காற்றைப் பிடித்து ஆராய்ந்தார். வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அந்நகரில் டயர் ரப்பர் விரைவில் வெடித்துப் போவதை எல்லோரும் கண்டிருந்தார்கள், காரணம் ஓசோன். ஆகவே வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் வெடிப்பு விழ எவ்வளவு நேரமாகிறது என்பதையே அந்நாளில் ஓசோனை அளக்கும் வழியாகவும் வைத்திருந்தார்கள்.

வேதியியல் இப்படிச் செல்கிறது. நைட்ரஜன் டைஆக்சைடு மேல் சூரிய ஒளி படும்போது அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு உதிர்கிறது. அந்த அணு காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டி ஓசோனாகிறது. மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அதே ஓசோனைத் தின்று மறுபடி நைட்ரஜன் டைஆக்சைடாகிவிடும். இதோடு நின்றால் வரவும் செலவும் சரியாகி ஓசோன் பெரிதாகச் சேராது. பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்கள் இடையில் புகுந்து, ஓசோனைச் செலவழிக்காமலேயே நைட்ரிக் ஆக்சைடை டைஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. அப்போதுதான் ஓசோன் மணிக்கு மணி ஏறுகிறது.

நெரிசலான சாலையருகே புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுகொண்டே இருப்பதால் நகரின் நடுவில் ஓசோன் சற்றுக் குறைவாகவே காணப்படும். காற்று நகரைத் தாண்டியதும் தின்பதற்கு ஆளில்லை, வெயிலோ கூடுதல். நகரத்தில் ஏற்றிய உலை வழியெல்லாம் கொதித்துப் பாலையில் வந்து பொங்குகிறது. நகர மையத்தில் இரவானால் ஓசோன் ஏறத்தாழ வற்றிவிடும். பிளாக் ராக் போன்ற உயரமான இடங்களில் இரவிலும் அது முழுமையாக இறங்குவதில்லை. அங்குள்ள செடிகளுக்கும் விலங்குகளுக்கும் ஓய்வு நேரம் குறைவு என்பதுதான் இதன் பொருள்.

பொங்குவதற்கு வழிவிடுவது நிலத்தின் அமைப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் படுகையை வடக்கிலும் கிழக்கிலும் மலைகள் சூழ்ந்துள்ளன. கிழக்கில் 3,506 மீட்டர் உயர சான் கோர்கோனியோ மலைக்கும் 3,302 மீட்டர் உயர சான் ஹசின்டோ மலைக்கும் நடுவே ஒரு கணவாய் இருக்கிறது. கோடை நண்பகலில் பாலை கொதித்து அங்குள்ள காற்று மேலெழ, பசிபிக் கடற்காற்று படுகையின் புகையையும் வாரிக்கொண்டு இக்கணவாய் வழியே பாய்கிறது. அந்தக் காற்றின் வேகத்தை நம்பித்தான் கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். நம்மூர் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் சட்டென்று புரியும். ஓசோன் பூங்காவின் மேற்கு ஓரத்தைப் பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ தான் உச்சத்தில் தொடுகிறது. அளவியில் அந்த ஏற்றத்தைப் பார்த்தாலே காற்று எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ஓரளவு கணித்துவிடலாம்.

அளவியின் கொள்கை எளிது. பாதரச விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளியைத் தருகிறது. ஓசோன் அந்த ஒளியை விரும்பி விழுங்கும். ஒரு குழாயில் வெளிக்காற்றைச் செலுத்தி மறுமுனைக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு ஓசோனை நீக்கிய காற்றைச் செலுத்தி மறுபடி அளக்கிறார்கள். இரண்டுக்குமான வித்தியாசம் ஓசோனின் அளவைத் தந்துவிடும். கடினம் கொள்கையில் இல்லை, காவலில் இருக்கிறது. ஓசோன் பெரும்பாலான பொருள்களைத் தொட்டாலே வினைபுரிந்து அழியும் என்பதால் காற்றை உறிஞ்சும் குழாய் டெஃப்லான் போன்ற வினைபுரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். பாலைத் தூசு வடிகட்டியை அடைத்தால் அதிலேயே ஓசோன் இழப்பு ஏற்படும். வெளியே 40 டிகிரி கொதித்தாலும் அறைக்குள் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசோனே இல்லாத காற்றையும் அளவறிந்த ஓசோனையும் மாறி மாறிச் செலுத்தி, கருவி உண்மை பேசுகிறதா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். அறையின் குளிர்சாதனம் ஒரு வாரம் பழுதானால் அந்த வாரத்துக் கோடை பதிவில் இருக்காது.

ஓசோன் இலையிலுள்ள நுண்துளைகள் வழியே செடிக்குள் புகுந்து திசுக்களை எரிக்கிறது. ஜோஷுவா ட்ரீயில் வளரும் ‘ரஸ் ட்ரைலோபேட்டா’ என்ற புதர் இதற்கு மிக எளிதில் ஆளாகும். அதன் இலைகளில் விழும் புள்ளிகளையே ஓசோனின் அடையாளமாகக் கொள்ளலாம் என்கிறார்கள் தாவரவியலர்கள். பாலைச் செடிகளுக்கு ஒரு தற்காப்பும் உண்டு. கடும் வறட்சியில் அவை நீர் இழக்காமலிருக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்; அப்போது ஓசோனும் உள்ளே போகாது. நல்ல மழை பெய்த ஆண்டில் துளைகள் திறந்திருக்கும், ஓசோனும் கூடுதலாக நுழையும். பாலை செழிக்கும் ஆண்டே அதற்குக் கேடான ஆண்டாகவும் அமையக்கூடும். ஆகவே காற்றில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்ற எண்ணோடு மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தது என்ற எண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் செடிக்கு நேர்ந்தது விளங்கும்.

ஓசோனைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் வழியில் நைட்ரிக் அமிலமாக மாறுகின்றன. படுகையின் கிழக்குப் பகுதியில் சீனோ வட்டாரத்துப் பால் பண்ணைகளின் சாணமும் மூத்திரமும் அமோனியாவைக் காற்றில் கலக்கின்றன. இரண்டுமே நைட்ரஜன், இரண்டுமே பூங்காவில் வந்து படிகின்றன. நைட்ரஜன் உரம்தானே, வறண்ட மண்ணுக்கு நல்லதுதானே என்று தோன்றும். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

மொஹாவி பாலையில் ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் இடையே வெறும் மண்தான் கிடந்தது. மின்னல் விழுந்து ஒரு மரம் எரிந்தால் நெருப்பு அந்த மரத்தோடு பெரும்பாலும் அணைந்துவிடும், பரவ வழியில்லை. இந்தச் செடிகள் நெருப்போடு வாழப் பழகாதவை. மத்தியத் தரைக்கடல் நாடுகளிலிருந்து வந்து வேரூன்றிய செம்புரோம் புல்லும் ஷிஸ்மஸ் புல்லும் இப்போது அந்த இடைவெளிகளை நிரப்புகின்றன. ஏழை மண்ணில் மெதுவாக வளரப் பழகிய உள்ளூர்ச் செடிகளைவிட இந்த ஓராண்டுப் புற்கள் கூடுதல் நைட்ரஜனை விரைந்து உறிஞ்சித் தழைக்கின்றன. கோடையில் காய்ந்து சருகாகி, புதரையும் புதரையும் இணைத்துவிடுகின்றன. ரிவர்சைடிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சூழலியலர் எடித் ஆலன் குழுவினர் பூங்காவுக்குள்ளேயே சில துண்டு நிலங்களில் ஹெக்டேருக்கு 5 கிலோ, 30 கிலோ என்று நைட்ரஜனைத் தூவிப் பார்த்தார்கள். 30 கிலோ இட்ட இடங்களில் பெரும்பாலானவற்றில் அயல் புற்கள் பெருகின. ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் காய்ந்த புல் சேர்ந்தால் நெருப்பு தடையின்றிப் பரவும் என்பது அவர்கள் பயன்படுத்திய கணக்கு. மழை போதிய ஆண்டுகளில் அந்த ஒரு டன்னை எட்ட, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஒற்றை இலக்கக் கிலோ நைட்ரஜன் படிவே போதும் என்று அவர்களின் கணிப்பு காட்டியது.

1999-இல் ஜோஷுவா ட்ரீயில் பற்றிய ‘ஜூனிப்பர்’ தீ 13,894 ஏக்கரை எரித்தது. 2020 ஆகஸ்டில் அருகிலுள்ள மொஹாவி தேசியப் பாதுகாப்பு நிலத்தின் சீமா குவிமாடத்தில் மின்னலால் மூண்ட தீ 43,000 ஏக்கருக்கு மேல் பரவியது; ஏறத்தாழ 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் அதில் எரிந்ததாக மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு தீயையும் நைட்ரஜன் கணக்கில் எழுதிவிட முடியாது. மழை, மேய்ச்சல், வெப்பம் என்று பல காரணங்கள் கூடித்தான் புல் வளர்கிறது, நெருப்பும் வருகிறது. ஆனால் காரின் புகைக்குழாய்க்கும் எரிந்த மரத்துக்கும் இடையே ஒரு கண்ணி இருக்கிறது. அளந்து பார்த்திராவிட்டால் அந்தக் கண்ணி யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்த நைட்ரஜனை அளப்பதில் பாலைக்கே உரிய சிக்கல் உண்டு. மற்ற இடங்களில் மழைநீரைப் பிடித்துப் பகுப்பாய்ந்தால் வானத்திலிருந்து என்ன இறங்குகிறது என்பது பெருமளவு தெரிந்துவிடும். இங்கே மழை அரிது. படிவதில் பெரும்பங்கு உலர்ந்த வாயுவாகவும் துகளாகவும் இலைமேலும் மண்மேலும் ஒட்டிக்கொள்கிறது. மழைமானியை மட்டும் நம்பினால் பாலை தூய்மையாக இருப்பதாகவே முடிவு வரும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் வடிதாள் அடுக்குகளில் காற்றை இழுத்துப் பிடிக்கிறார்கள். மின்சாரம் எட்டாத இடங்களில் வேதிப்பூச்சுப் பூசிய சிறு வடிதாள்களைக் கம்பத்தில் கட்டிச் சில வாரங்கள் விட்டுவிடுகிறார்கள். வாயு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தகைய அளவீடுகள் மேற்கே மிகுந்தும் கிழக்கே போகப் போகக் குறைந்தும் ஒரு சரிவைக் காட்டின. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் கேடு மங்கல். பூங்காவில் 1,580 மீட்டர் உயரத்தில் கீஸ் வியூ என்ற மலைமுகடு இருக்கிறது. தெளிந்த நாளில் அங்கிருந்து கோச்செல்லா பள்ளத்தாக்கும் சால்டன் கடலும், அதற்கும் அப்பால் மெக்சிகோ எல்லையைத் தாண்டியுள்ள சிக்னல் மலையும் தெரியும். பல நாள்களில் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையே பழுப்பாகக் கலங்கித் தெரிகிறது.

துகளே இல்லாத காற்றும் ஒளியைச் சிறிது சிதறடிக்கும். அதனால் உலகின் மிகத் தூய காற்றிலும் ஏறத்தாழ 390 கிலோமீட்டருக்கு மேல் பார்வை செல்லாது. இப்போது அந்தத் தூய காற்றில், காற்றே செய்யும் சிதறலுக்குச் சமமான அளவு மட்டும் துகள் சேர்வதாக வைத்துக்கொள்வோம். பார்வைத் தூரம் சரிபாதியாகிவிடும். அதே அளவு துகளை, ஏற்கெனவே அதைப்போல் இருபது மடங்கு மங்கலான நகரக் காற்றில் சேர்த்தால் பார்வைத் தூரம் ஐந்து சதவீதம்கூடக் குறையாது. யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். தூய்மையான இடம்தான் அழுக்குக்கு மிக எளிதில் பலியாகிறது. பாலைக் காற்று நகரத்தைவிட நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் சொல்வோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1977-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, பெரிய தேசியப் பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் மனிதரால் உண்டான மங்கலை நீக்குவதைத் தேசிய இலக்காக எழுதிவைத்தது. அப்படிப்பட்ட 156 இடங்களில் ஜோஷுவா ட்ரீயும் ஒன்று. 1999-இல் வந்த விதி 2064-ஆம் ஆண்டுக்குள் இயற்கை நிலையை எட்டக் குறிவைத்தது. ஓர் அழகான காட்சியைக் காணும் உரிமையைச் சட்டத்தில் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த செயல். ஆனால் இயற்கை நிலை எது, இன்றைய நிலை எது என்று எண்ணில் சொல்ல முடியாவிட்டால் சட்டம் வெறும் தாள். அதற்காக 1985-இல் அமைந்து 1988-இல் மாதிரி எடுக்கத் தொடங்கிய வலையமைப்பின் பெயர் ‘இம்ப்ரூவ்’.

இம்ப்ரூவ் நிலையம் ஒவ்வொன்றிலும் மூன்று நாளுக்கு ஒருமுறை, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, வடிதாள்கள் வழியே காற்று இழுக்கப்படுகிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகளை ஒரு சுழற்கலன் முன்பே விலக்கிவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 லிட்டர் என்றால் ஒரு நாளில் 33 கன மீட்டர் காற்று. கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் துகள் இருந்தால், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிதாளில் சேர்வது ஒரு மில்லிகிராமில் ஆறில் ஒரு பங்கு. அந்தத் துளியை எடைபோட்டு, அதிலுள்ள தனிமங்களை எக்ஸ்-கதிரால் பிரித்தறிய வேண்டும். டெஃப்லான் வடிதாள் எடைக்கும் தனிமங்களுக்கும், நைலான் சல்ஃபேட்டுக்கும் நைட்ரேட்டுக்கும், குவார்ட்ஸ் கரிக்கும், நான்காவது ஒன்று மட்டும் 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களுக்கும் என நான்கு தனிப் பாதைகள். நைலானுக்கும் ஒரு காரணம் உண்டு. அமோனியம் நைட்ரேட் வெயிலில் ஆவியாகிவிடும். பாலைக் கோடையில் டெஃப்லானில் பிடித்த நைட்ரேட் வடிதாளிலிருந்தே பறந்துபோகும். நைலான் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

தனிமங்கள் ஊரைக் காட்டிக்கொடுக்கின்றன. செலினியம் இருந்தால் நிலக்கரி எரிந்திருக்கிறது. வனேடியமும் நிக்கலும் கப்பல்களின் கனத்த எண்ணெயைச் சுட்டுகின்றன. பொட்டாசியம் கூடினால் விறகோ காடோ எரிந்திருக்கும். சிலிக்கானும் அலுமினியமும் இரும்பும் மண்தூசு. தென்கலிஃபோர்னியாவின் உள்நிலங்களில் மங்கலுக்குப் பெரும்பங்கு அளிப்பது வாகனப் புகையும் பண்ணை அமோனியாவும் சேர்ந்து உண்டாக்கும் அமோனியம் நைட்ரேட். 1998 ஏப்ரலில் கோபி பாலையில் எழுந்த தூசு பசிபிக்கைக் கடந்து அமெரிக்க மேற்குக்கரையை வந்தடைந்ததையும் இத்தகைய அளவீடுகள் பதிந்து வைத்திருக்கின்றன. அது யார் குற்றமும் இல்லை. குற்றமில்லாததைப் பிரித்து ஒதுக்குவதும் அளவீட்டின் வேலைதான்.

தனிமங்களும் போதாத வழக்கு கிராண்ட் கேன்யனில் வந்தது. அரிசோனாவின் பேஜ் நகருக்கு அருகே 2,250 மெகாவாட் திறனுள்ள நவஹோ அனல்மின் நிலையம் இருந்தது. மத்திய அரசின் நீர்வளத் துறையே அதில் பங்குதாரர். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கை மூடும் வெண்மங்கல் அந்த நிலையத்தால் வருகிறதா என்பதே கேள்வி. 1987 ஜனவரி, பிப்ரவரியில் ஆய்வாளர்கள் அதன் புகைபோக்கிகளில் டியூட்டீரிய மீத்தேனைக் கலந்தார்கள். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனத்த ஐசோடோப்பைக் கொண்ட அந்த வாயு இயற்கைக் காற்றில் கிட்டத்தட்ட இல்லை. அது பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள ஹோப்பி பாயின்ட்டில் பிடிபட்டது. புகை வந்ததை இனி யாரும் மறுக்க முடியாது.

எவ்வளவு மங்கல் அதனால் என்பதில் சண்டை மூண்டது. 1990-இல் தேசிய ஆய்வு மன்றம் அமைத்த குழு, சில வேளைகளில் மங்கலுக்கு அந்த நிலையம் கணிசமான காரணம் என்று ஏற்றது. ஆனால் ஆய்வு தந்த சதவீதக் கணக்கு போதிய ஆதாரமற்றது என்றும் எழுதியது. இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னதால் அதை யாராலும் தள்ள முடியவில்லை. 1991-இல் கந்தக டைஆக்சைடை 90 சதவீதம் குறைக்க உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் மூன்று அலகுகளிலும் கந்தக நீக்கிகள் வந்தன. நிலையம் 2019 நவம்பரில் மூடப்பட்டது; மூடலுக்கு மலிவான இயற்கை எரிவாயு பெரிய காரணம். 236 மீட்டர் உயரப் புகைபோக்கிகள் மூன்றும் 2020 டிசம்பரில் தகர்க்கப்பட்டன.

ஜோஷுவா ட்ரீக்குப் புதிய கவலை தெற்கிலிருந்து வருகிறது. கீஸ் வியூவிலிருந்து தெரியும் சால்டன் கடல், 1905-இல் கொலராடோ ஆற்றின் பாசனக் கால்வாய் உடைந்து பள்ளத்தில் நிரம்பிய ஏரி. பின்னர் வயல்களின் வடிகால் நீரே அதற்கு உயிரூட்டி வந்தது. இப்போது அந்நீர் குறைய, ஏரி சுருங்கி, அடிப்படுகை வெளியே தெரிகிறது. பல பத்தாண்டுகளாக வயல்களிலிருந்து வந்து தங்கிய உப்பும் செலினியமும் ஆர்செனிக்கும் பூச்சிமருந்து எச்சங்களும் அந்தப் படுகையில் உள்ளன. காற்று எழுப்பும் தூசில் எது பாலையின் பழைய மண், எது வறண்ட ஏரியின் நஞ்சு என்று பிரித்துக் காட்ட நல்ல கருவி வேண்டும். இன்று வீட்டுக்கு வீடு பொருத்தும் மலிவான லேசர் உணரிகள் நுண்புகையைப் பிடிப்பதில் உதவுகின்றன; ஆனால் பருத்த பாலைத்தூசைப் பெருமளவு தவறவிடுகின்றன. தூசுப்புயல் அடிக்கும் நாளில் அவை காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடும். எண்ணிக்கையில் அவை பெருகிவிட்டன என்பதற்காக வடிதாள் நிலையங்களை மூடுவது பெரும் பிழையாகும்.

முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 1975 முதல் கார்களில் வந்த வினையூக்கி மாற்றியும் கலிஃபோர்னியாவின் கடுமையான விதிகளும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓசோனைப் பெரிதும் இறக்கின. அந்த இறக்கம் பூங்காவிலும் தெரிந்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அது தடுமாறி நிற்கிறது. வெப்பம் கூடுவதும் காட்டுத்தீப் புகையும் வேலையைக் கடினமாக்குகின்றன. 2025 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மங்கல் விதிகளை மறுசீரமைக்கப் போவதாக அறிவித்தது. விதிகளை விவாதித்து மாற்றிக்கொள்ளலாம். பதிவை மட்டும் நிறுத்தக் கூடாது. ஓசோன் வரம்பு மீறப்பட்டதா என்பதை ஒவ்வோராண்டிலும் நான்காவது உச்ச நாளை எடுத்து, மூன்றாண்டு சராசரி போட்டுத் தீர்மானிக்கிறார்கள். ஒரு கோடையில் போதிய நாள்கள் பதிவாகாவிட்டால் அந்த மூன்றாண்டுக் கணக்கே நிற்காமல் போகலாம். பூங்காக்களுக்குப் பணம் ஒதுக்குவோர் எதில் கைவைத்தாலும் பிளாக் ராக் அறையின் மின்சாரத்தில் கைவைக்க வேண்டாம்.

தென்கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் போய் வரும் இடம் இது. கோடையில் போகிறவர்கள் தண்ணீரோடு இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். ஜோஷுவா ட்ரீயின் ஓசோன் அளவைத் தேசியப் பூங்காத் துறை மணிக்கு மணி வெளியிடுகிறது, கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். நீண்ட நடையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கோ பெரியவர்களுக்கோ ஆஸ்துமா இருந்தால், எண் எழுபதைத் தாண்டும் பிற்பகலில் மலையேற்றம் வேண்டாம்.